பதின்மூன்று முகங்களும் ஒரு மணியும்

குல்பரா ஊரில் முப்பது வயதைத் தாண்டாத யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கேளுங்கள், அவர்கள் மூக்கை ஒரு தடவையாவது துடைத்துவிட்டவள் கிளெனிஸ் டிரான்டராகத்தான் இருப்பாள். இருபத்தாறு வருடங்களாக அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பிரெப் வகுப்பில் அவள் உதவியாளர். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைகள் முதன்முதலில் உட்காரும் வகுப்பு அது. ஆசிரியைகள் வருவார்கள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ தாக்குப்பிடிப்பார்கள், வெயிலும் ஈயும் பொறுக்காமல் கடலோர ஊர்களுக்கு ஓடிவிடுவார்கள். கிளெனிஸ் எங்கேயும் போகவில்லை. ஷூ லேஸ் கட்டுவது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பது, தொப்பி கொண்டுவராதவனை நிழலில் உட்காரவைப்பது, அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறும் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே தூக்கிப்போவது, இவ்வளவும் அவள் உத்தியோகம். கணவன் லயல் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. "எனக்கு வருஷா வருஷம் பதினாலு பொறக்குது, நீ ரெண்டுக்கே இப்படி அலுத்துக்கிறியே" என்று பேக்கரிக்காரியை வம்புக்கு இழுப்பாள்.

அப்படி வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு அந்த வருடம் ஆகஸ்டிலிருந்தே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் ஒரு சின்னப் பையனின் சைக்கிள் கிடந்தது. இது யாருடையது என்று எரிச்சலோடு இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது அவளும் லயலும் கல்யாணமான புதிதில் குடியிருந்த வீடு. விற்று இருபது வருடம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த பெண்ணிடம் "தக்காளி நாத்து இருக்கான்னு கேக்க வந்தேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். அந்தப் பெண் நான்கு நாற்று பிடுங்கிக் கொடுத்தாள். அதை நட்டு, தண்ணீர் விட்டு, தினமும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கிளெனிஸுக்குப் பயமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவின் கடைசி நான்கு வருடங்கள் அந்த ஊர் முதியோர் இல்லத்தில் கழிந்தன. சொந்த மகளைப் பார்த்து "நீங்க புதுசா வந்த நர்ஸா?" என்று மரியாதையாகக் கேட்ட அம்மா அவள். அது எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று கிளெனிஸுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் வந்தது. வருடத்தின் கடைசி மாதம், படிப்பும் பண்டிகையும் ஒன்றாகக் கலந்துவிடும் மாதம். ஊர் ஆண்கள் எல்லாரும் அறுவடை இயந்திரத்தின் மேல் இருந்தார்கள். அந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை, நாற்பது டிகிரி வெயில். வகுப்புக்குள் மின்விசிறிக்கு அடியில் பதினான்கு குழந்தைகள் பஞ்சை ஒட்டி ஆட்டுக்குட்டி செய்தார்கள், உப்பு மாவில் நட்சத்திரம் வெட்டினார்கள். சான்டாவுக்குக் கடிதம் எழுதுவதுதான் எழுத்துப் பாடம், காகிதச் சங்கிலி கோப்பதுதான் கணக்கு. ஒரு சிவப்பு வளையம், ஒரு பச்சை வளையம், மறுபடியும் சிவப்பு. தினமும் ஒரு வளையத்தைக் கிழித்தால் விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று குழந்தைகளே எண்ணிக்கொள்ளலாம்.

கிளெனிஸ் தரையில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தாள். பிப்பா என்ற குட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றது.

"கிளெனிஸ், நீங்க ரெண்டு பச்சை போட்டுட்டீங்க."

"அட, ஆமா கண்ணு. நீ தூங்குறியா முழிச்சிருக்கியான்னு பாத்தேன்."

"அங்க பாருங்க, மூணு பச்சை. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

வகுப்பு சிரித்தது. கிளெனிஸும் சிரித்தாள். கோத்ததை எல்லாம் பிரிக்கும்போது ஒவ்வொரு வளையத்தின் நிறத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆசிரியை மிஸ் பாவிச் அதைக் கவனிக்கவில்லை. இருபத்தாறு வயதுப் பெண், வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம், ஒரு வருட ஒப்பந்தம். அடுத்த வருடமும் உண்டா இல்லையா என்று பள்ளி மூடும் வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியர் ஆர்மண்ட் சொல்ல வேண்டும். பாவம், அந்தப் பெண் இரவெல்லாம் விழித்துக் குழந்தைகளின் மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதிவிட்டு, பகலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி மூடுவதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, அந்தப் பார்சல் வந்தது.

பாத்திரம் துடைக்கும் துணி அது. வருடா வருடம் பிரெப் குழந்தைகள் கறுப்புப் பேனாவால் தங்கள் முகத்தைத் தாங்களே வரைவார்கள். அந்த முகங்களை ஒரே தாளில் ஒட்டி, அடியில் பெயர் எழுதி, மெல்பர்னுக்கு அனுப்பினால் வெள்ளைத் துணியில் அச்சடித்து வரும். ஊரில் அதை வாங்காத வீடு இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களின் ஐந்து வயது முகம்கூட இன்னும் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் தொங்கிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் ஒரு கோடுகூடத் திருத்தக் கூடாது என்பது சட்டம். காது இல்லாவிட்டால் காது இல்லாமல்தான் போகும். வெட்டி ஒட்டுவது இருபத்தாறு வருடமாகக் கிளெனிஸின் வேலை. அச்சுக்கூடத்திலிருந்து வரும் மாதிரித் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஆசிரியையின் வேலை.

மிஸ் பாவிச் துணியைத் தரையில் விரித்தாள். குழந்தைகள் குப்புற விழுந்து தங்களைத் தேடினார்கள். "நான்! நான் இங்க!" "என் தலைமுடியப் பாரு!" "ஹேமிஷுக்கு மூணு காது!" ஒரே கூச்சல். மார்னி கியோ மட்டும் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள். கடைசிவரை போனாள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மிஸ், நான் எங்க?"

மிஸ் பாவிச் குனிந்து பார்த்தாள். பதின்மூன்று முகங்கள்தான் இருந்தன. கீழ் வரிசையில், வலது ஓரத்தில், ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கிறிஸ்துமஸ் மணி ஒன்று வரைந்திருந்தது. குழந்தையின் உதடு பிதுங்குவதைப் பார்த்ததும் சட்டென்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீதான் மார்னி அந்த மணி. எல்லாரும் வெறும் மூஞ்சி. உனக்கு மட்டும் ஸ்பெஷல்."

மார்னி அந்த மணியை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப நான் டிங் டாங் சொல்லணுமா?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றதும் சிரித்துவிட்டாள். அன்று முழுவதும் டிங் டாங் என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

கிளெனிஸ் அந்த மணியைப் பார்த்தவுடனேயே யார் கை என்று கண்டுகொண்டாள். ரிப்பன் இடது பக்கம் சரிந்த மணி. இருபத்தாறு வருடக் கிறிஸ்துமஸ் அட்டைகளில் அவள் வரைந்த மணி. ஆனால் இதை எப்போது வரைந்தாள்? எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அக்டோபரில் முகம் வரைந்த நாளில் மார்னிக்கு அம்மை போட்டிருந்தது, அது நினைவிருக்கிறது. "இடம் விட்டு வச்சிருக்கேன், வந்ததும் வரைய வெச்சிடறேன்" என்று மிஸ் பாவிச்சிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியவில்லை.

மதிய இடைவேளையில் காருக்குப் போய்த் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். உள் ஜிப்பில் இருந்தது. மெல்லிய காகிதத்தில் மடித்து, கசங்காமல் பத்திரமாக, ஒரு குட்டி முகம். இரண்டு பெரிய பற்கள், நெற்றி நிறைய அம்மைப் புள்ளிகள். பின்பக்கத்தில் கிளெனிஸின் கையெழுத்தில் மார்னி என்று எழுதியிருந்தது. வரையவைத்திருக்கிறாள், வாங்கியிருக்கிறாள், பத்திரப்படுத்தியிருக்கிறாள், பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து மணியும் வரைந்திருக்கிறாள். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் அப்படியே நின்றாள்.

சொன்னால் அந்த வகுப்பு போய்விடும். ஒரு தடவை மறந்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது, அடுத்த கேள்வி வரும். சின்னக் குழந்தைகளை நம்பி ஒப்படைக்கும் அறையில் இப்படி ஒருத்தியை யார் விட்டுவைப்பார்கள்? அவளே விடமாட்டாள். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணின் தலையில் விடியும். கிளெனிஸ் சொல்லவில்லை. வெள்ளி போனது, சனி ஞாயிறும் போனது, அவள் வாயைத் திறக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பயந்துவிட்டாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை. மேய்ப்பர்களுக்குத் தலைப்பாகை எப்போதும் பாத்திரத் துணிதான். புதுத் துணிகளையே எடுத்துக் கட்டினார்கள். மார்னி மணி நெற்றியில் தெரிகிற மாதிரி கட்டச் சொல்லி அடம் பிடித்தாள். கட்டிவிட்டவள் கிளெனிஸ்தான். முடிச்சுப் போடும்போது குழந்தை ரகசியம் சொல்வதாக நினைத்து உரக்கச் சொன்னது: "எங்கம்மாகிட்ட நான் மணின்னு சொல்லப் போறேன்." மாலையில் அந்தத் துணியைத் தலையில் கட்டியபடியே வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷோனா கியோ வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை, அந்த நீலச் சீருடையோடு வீட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். கியோ குடும்பத்தைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் போலீஸ்காரருக்குப் பழக்கமானவர்கள். ஷோனா என்ன பாடுபட்டாலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளும் இந்தப் பிரெப் வகுப்பில் படித்தவள்தான்.

தலைமையாசிரியரின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையில் துணி விரித்திருந்தது.

"எண்ணுங்க" என்றாள் ஷோனா. "நான் ராத்திரி பூரா எண்ணியாச்சு. பதிமூணுதான் வருது. என் பொண்ணு எங்க?"

"ஷோனா, யாரும் வேணும்னு பண்ணல..." என்று ஆரம்பித்தார் ஆர்மண்ட்.

"கியோ வீட்டுப் பிள்ளைதானே, மூஞ்சி எதுக்கு, மணி போதும்னு விட்டுட்டீங்களா? அது பத்தாதுன்னு ஸ்பெஷல்னு ஒரு கதை வேற. அது நம்பிடுச்சு. பக்கத்து வீட்டுல எல்லாம் போய் நான் மணி நான் மணின்னு சொல்லிட்டு வருது. எனக்கு எப்படி இருக்கும்?"

"துணில எழுதற பேனா ஒண்ணு இருக்கு. மார்னியையே வரையச் சொல்லலாம். சரியாப் போயிடும்" என்றார் ஆர்மண்ட்.

"எத்தனை துணில? ஊர்ல எம்பது வீட்டு அடுப்படியில தொங்கப் போகுது. வீடு வீடா பேனாவ எடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா?"

ஆர்மண்ட் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. பூசி மெழுகியே பத்து வருடம் ஓட்டியவர். இந்தத் தடவை மெழுக வழியில்லாமல் மிஸ் பாவிச் பக்கம் திரும்பினார். "மாதிரித் தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார். நான் எண்ணிப் பாத்திருக்கணும்." மிஸ் பாவிச் ஷோனா பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுதான். மணின்னு சொன்னதும் நான்தான். அவ அழுதுடுவாளோன்னு... மன்னிச்சிடுங்க ஷோனா."

"இதையெல்லாம் யோசிச்சுத்தான் வெள்ளிக்கிழமை முடிவு சொல்லணும்" என்றார் ஆர்மண்ட், யார் முகத்தையும் பார்க்காமல்.

யார் ஒட்டினது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. கிளெனிஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கிளெனிஸுக்குத் தாங்கவில்லை. அறுபத்தொரு வயதுக்காரி ஒளிந்துகொள்ள இருபத்தாறு வயதுப் பெண்ணின் முதுகா?

"ஒட்டினது நான்" என்றாள் கிளெனிஸ்.

ஆர்மண்டுக்கு உயிர் வந்தது. "சரி விடுங்க, வருஷக் கடைசி, ஆயிரம் வேலை, கை தவறிப் போச்சு. ஷோனா, நம்ம கிளெனிஸ்..."

"கை தவறினா அந்த இடம் காலியாத்தானே இருக்கும்?" ஷோனா துணியின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இங்க மணி இருக்கு. நிதானமா உக்காந்து, ரிப்பன் எல்லாம் போட்டு வரைஞ்சிருக்கு. எதுக்கு வரைஞ்சீங்க மிஸஸ் டிரான்டர்? எனக்கு அது மட்டும் தெரியணும்."

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. நேரமாகிவிட்டது, இடம் வெறுமையாகத் தெரிந்தது, அப்புறம் மாற்றலாம் என்று நினைத்தேன். கிளெனிஸ் வாயைத் திறந்தாள். ஷோனாவின் முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"தெரியல."

"தெரியலன்னா?"

"அது என் மணிதான். என் கைதான். ஆனா வரைஞ்ச ஞாபகம் இல்ல ஷோனா. உன் பொண்ணு மூஞ்சியும் வரைஞ்சு குடுத்திருக்கு. என் பைக்குள்ள இருந்துச்சு. அத வாங்கினதும் ஞாபகம் இல்ல, வச்சதும் ஞாபகம் இல்ல. வேணும்னு பண்ணலன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனா பண்ணினதே தெரியலையே, நான் எதைச் சொல்லுவேன்?"

ஆர்மண்ட் இருமினார். "மறதி எல்லாருக்கும் வரதுதான். நேத்து நான்கூட கார் சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ஷோனா. நாற்காலியை இழுத்துக் கிளெனிஸின் முழங்காலுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். குரல் அடியோடு மாறியிருந்தது. இல்லத்தில் அவள் தினமும் பேசுகிற குரல் அது.

"எவ்வளவு நாளா?"

"ஆகஸ்ட்."

"வழி தெரியாம போச்சா?"

"ஒரு தடவை. இல்ல, ரெண்டு தடவை."

"அடுப்ப அணைக்க மறந்தீங்களா?"

கிளெனிஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"போனா சொல்லிடுவாங்க."

மிஸ் பாவிச் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். வெளியே குழந்தைகள் பாடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தன் வேண்டுமென்றே உச்சஸ்தாயியில் கத்திக்கொண்டிருந்தான்.

"உங்கம்மாவக் கடைசி வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஷோனா. "வியாழக்கிழமை எனக்கு லீவு. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அந்த மணிக்கு நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், அது அப்படியே இருக்கட்டும். ஆனா இன்னிக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது. சாவியக் குடுங்க."

கிளெனிஸ் சாவியைக் கொடுத்தாள். ஆர்மண்ட் எழுந்து நின்றார். "வீட்ல நல்லா ஓய்வெடுங்க கிளெனிஸ். பிப்ரவரில பள்ளி திறக்கறப்போ பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பிப்ரவரி வரப் போவதில்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கிளெனிஸுக்கும் தெரியும். நன்றி சொன்னாள். பிறகு, "கையெழுத்துப் போட்ட பொண்ணு மேல ஒண்ணும் இல்லன்னு ஆச்சுல்ல? அத இப்பவே சொல்லிடுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்காதீங்க" என்றாள். ஆர்மண்ட் சொன்னார். மிஸ் பாவிச்சுக்கு வேலை உண்டு என்று அந்த இடத்திலேயே சொன்னார். அந்தப் பெண் ஓடிவந்து கிளெனிஸைக் கட்டிக்கொண்டாள். கிளெனிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இருபத்தாறு வருடமாக அழுகிறவர்கள் முதுகைத் தட்டியே பழகிய கை, அதற்கு யோசனை தேவைப்படவில்லை.

வகுப்புக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வரத் தெம்பு இல்லை. நேராக வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். ஷோனா தன் மகளையும் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து தன் காரின் பின் சீட்டில் உட்காரவைத்திருந்தாள். சூட்டுக்கு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. கிளெனிஸ் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஷோனா இன்னும் பெல்ட் போடவில்லை.

குழந்தையிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிளெனிஸுக்குத் தோன்றியது. அம்மாவிடம் பேசியாகிவிட்டது, குழந்தையிடம் யாரும் பேசவில்லை. நீ மணி இல்லை கண்ணு, உன் முகம் என்கிட்ட இருக்கு, நீதான் வரைந்தாய், ரொம்ப அழகாக வரைந்திருந்தாய் என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். திரும்பினாள். இரண்டு பெரிய பற்கள், நெற்றியில் அம்மைத் தழும்பு. அந்த முகம் தெரிந்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பெயர் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை தடவை காதில் விழுந்த பெயர்! லயல் இறந்த அன்றுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

குழந்தை அவளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தது. அதற்கு இது புதிதில்லை. பள்ளி விட்டு அம்மாவின் வேலை முடியும்வரை தினமும் அது இல்லத்துக் கிழவர்கள் நடுவில்தான் விளையாடும். பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் குனிந்தது. கிளெனிஸின் தோளில் கையை வைத்து, காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

"நான் மார்னி. ஷோனாவோட பொண்ணு. எனக்கு அஞ்சு வயசு."

ஷோனா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மார்னி" என்றாள் கிளெனிஸ்.

"ஆமா. பரவால்ல" என்றது குழந்தை. "நாளைக்கும் சொல்றேன்."